முப்புரமும் மூன்று காவல்களும்

நெய்வேலிக்கு அணித்தே, பண்ணுருட்டியை ஒட்டிக் கெடில நதிக்கரையில் அமைந்தது திருவதிகை. அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய இங்கேதான் பொன், வெள்ளி, இரும்பு எனும் மூன்று கோட்டைகளையும் இறைவன் எரித்தான் என்பது புராணம். திருநாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்ததும் இவ்வூரிலேயாம். இவ்வூரானாகிய யான், உடம்பினுள் மூன்று காவல்கள் அழிவதால் விளையும் ஓர் அரிய நோயின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

சிலருடைய தோலில் பால் கலந்த காப்பி நிறத் திட்டுகளும், மென்மையான கழலைகள் பலவும் தோன்றுதல் உண்டு. 1882-ஆம் ஆண்டில் ரெக்லிங்கௌசன் என்னும் ஜெர்மானிய மருத்துவ அறிஞர், இக்கழலைகள் நரம்பைச் சார்ந்து வளர்வன என்று விளக்கினார். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் சிலரிடத்து, ஆழ்ந்திருக்கும் நரம்புக் கழலையொன்று கொடிய சதைப்புற்றாக மாறிவிடுகின்றது. நேற்றுவரை அடங்கியிருந்த கட்டி இன்று கொடியதாவது எதனால்? இவ்வினாவிற்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1911-இல் அமெரிக்க அறிஞர் பேட்டன் ரௌஸ், கோழியின் சதைப்புற்றை ஒரு வைரஸ் பரப்பக்கூடும் எனக் காட்டினார். அதற்குரிய நோபல் பரிசு 1966-இல்தான் அவரை அடைந்தது. 1976-இல் பிஷப், வார்மஸ் ஆகியோரின் ஆய்வு மேலும் வியப்பளித்தது. அந்த வைரஸ் சுமந்த புற்றுமரபணு, முன்னொரு காலத்தில் கோழியின் நல்ல உயிரணுவிலிருந்தே பெறப்பட்டதாம்! ஆகவே பகைவன் புறத்தே மட்டும் இல்லை. நம் உயிரணுவிலுள்ள மரபணு மாறினாலும் கேடு விளையும் என்பது தெளிவாயிற்று.

மரபணுக்களுள் வளர்ச்சியைத் தூண்டுவனவும் உள. அடக்கிக் காப்பனவும் உள. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்கு இருபடிகள் வாய்க்கின்றன. அடக்கிக் காக்கும் மரபணுவின் இருபடிகளும் கெட்டாலன்றிக் காவல் அழியாது என்னும் கருத்தை, குழந்தைகளின் கண்புற்றை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார் ஆல்பிரட் நட்சன்.

நரம்புக் கழலை நோயில் கெடும் மரபணு 1990-இல் பதினேழாம் குரோமோசோமில் கண்டறியப்பெற்றது. வண்டிக்குத் தடை போல உயிரணுவின் வளர்ச்சியை நிறுத்துவது அதன் தொழில். அதன் இருபடிகளும் கெடின் கழலை தோன்றும். இது முதற்காவலின் அழிவு. பின்னர், ஒன்பதாம் குரோமோசோமிலுள்ள மற்றொரு காவல் மரபணு அழியுமாயின், கழலை அமைதி இழக்கும். 2014-இல் மூன்றாவதும் வெளிப்பட்டது. உறங்க வேண்டிய மரபணுக்களை உறங்கவைத்திருக்கும் ஒரு புரதக்கூட்டு உண்டு. கொடியனவாகிவிட்ட கட்டிகளுள் பெரும்பாலானவற்றில் அது சிதைந்திருத்தலை ஆய்வாளர் கண்டனர்.

முப்புரம் ஒரே கணத்தில் எரிந்தது என்பர். உடம்பின் காவல்களோ ஒன்றன்பின் ஒன்றாய், பெரும்பாலும் ஆண்டுகள் பல இடையிட்டு வீழ்கின்றன. அவ்விடைவெளியே மருத்துவத்துக்கு வாய்க்கும் காலம்.

ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் வாழ்நாளில் கொடிய புற்று காண்பவர் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவினரே. நம் ஊர்ப்புறங்களிலோ கழலை நிறைந்தவரைத் தொற்றுநோயாளர் எனக் கருதி ஒதுக்குவோர் உளர். குலத்தைப் பழித்து மணம் மறுப்போரும் உளர். இது தொற்றுவதன்று. நோயாளருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. மரபணு அவரிடத்தே புதிதாக மாறியது. பழிக்க யாருளர்?

ஒதுக்கப்படுபவர் உடம்பை மறைப்பார். மறைப்பவர் மருத்துவரிடம் காலந்தாழ்த்தே செல்வார். கழலை விரைந்து பருத்தாலும், இறுகினாலும், ஓயாது வலித்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. திருவதிகையில் நோயுற்று வந்த தம்பியை அருகழைத்து ஆதரித்தவர் தமக்கை திலகவதியார். கழலையுடையாரை அருகழைத்து மருத்துவமனைக்கு உடன் செல்லும் உறவினரே அவர்தம் முதற் காவலாவார்.