கிண்டிக் காட்டின் நிலப் பயன்பாட்டு வரலாறு

சென்னையில் அடையாற்றுக்குத் தெற்கே, கிண்டி தேசியப் பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகம் என மூன்றாகப் பிரிந்து நிற்கும் சிறு காடு கிண்டிக் காடு. இது சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம். 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது இதன் பரப்பு 505 எக்டேர். தேசியப் பூங்காவாக இன்று எஞ்சியிருப்பது சுமார் 270 எக்டேர். நிலம் எப்போது, யார் கையில், என்னவாக இருந்தது என்பதைப் பழைய வரைபடங்களும் அளவைக் கணக்குகளுமே காட்டுகின்றன.

அளவைகள்

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, கிண்டியைச் சுற்றியுள்ள செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக (வருவாய் மானியமாக) வழங்கினார். பொறியாளர் தாமஸ் பர்னார்ட் அந்த ஜாகீரை 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, காடு ஆகியவை காணிக் கணக்கில் பதிவாயின. ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். இதே ஊர்களுக்குக் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைக் கணக்குகளும் உண்டு. அவற்றில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. வரி தராத காட்டையும் ஒரு தனி இனமாக எண்ணிக் குறித்ததே இந்த அளவையின் பெருமதிப்பு. பின்னால் வந்த வருவாய் அளவைகளில் இந்தக் கவனம் இல்லை.

1794இல் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920இல் இக்காட்டின் வடக்கு ஓரத்துக்கு இடம் மாறியது. கிண்டி பொறியியல் கல்லூரி என்ற பெயர் அப்படி வந்தது. காட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை அடிக்கோடு அளந்தார். நீளம் சுமார் 12 கி.மீ.; கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே, ஏறத்தாழ 400 முறை எடுத்து வைத்து அளந்தார்கள். இந்தியப் பெரும் முக்கோண அளவையின் தொடக்கம் இதுவே. 

1858இல் சென்னை மாகாண வருவாய் அளவை தொடங்கியது. அதன் கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண் உண்டு. அரசு நிலத்துக்கு அந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. பெரும் பரப்பை ஒரே எண்ணில் அடக்கிவிடுவார்கள். ஆகவே காட்டின் எல்லை இவற்றில் துல்லியமாக இருக்கும், உட்புறம் வெறுமையாக இருக்கும்.

ஆளுநர் தோட்டம்

1670களில் ஆளுநர் வில்லியம் லாங்ஹார்ன் காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமும் கிண்டி லாட்ஜ் என்னும் மாளிகையும் அமைத்தார். 1678இல் அது கம்பெனி வணிகர் சின்ன வெங்கடாத்ரிக்கு விற்கப்பட்டது. பல கைகள் மாறி 1821இல், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது, அரசே அதை வாங்கியது. சுற்றியிருந்த நிலம் வயலாகவும் குடியிருப்பாகவும் மாறியபோது இக்காடு தப்பியதற்குக் காரணம் ஆளுநரின் வேட்டைக்காடாக இருந்ததே. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளுக்கு எல்லை வரையறுத்து அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது; 1910இல் கிண்டி காப்புக்காடானது அம்முறைப்படியே.

வரைபடங்களை ஒப்பிடும் முறை

1905க்குப் பின் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட மைலுக்கு ஓரங்குல அளவிலான வண்ணத் தாள்களில் காடு பச்சையாகவும் பயிர்நிலம் மஞ்சளாகவும் இருக்கும். பனைக்குத் தனிக்குறி உண்டு. கிண்டியைப் பார்க்க ஒரு தாள் போதாது. 13 பாகை வட அட்சக்கோடு காட்டின் ஊடே செல்வதால் வட பாதி 66 சி/4 தாளிலும் தென் பாதி 66 டி/1 தாளிலும் விழுகிறது. இரண்டையும் ஒட்டிப் பார்க்காதவர் காட்டின் அளவைக் குறைத்தே மதிப்பிடுவார். பழைய படத்தைப் புதியதன்மேல் பொருத்த மாறாத புள்ளிகள் வேண்டும். பரங்கிமலை உச்சியும், 1726இல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் கட்டிய மர்மலாங் பாலத்தின் இடமும் இதற்கு ஏற்றவை.

இப்படி ஒப்பிட்டால் களத்தில் கண்ணுக்குப் புலப்படாத சில தெளிவாகின்றன. பூங்காவின் நடுவே வெளிமான்கள் மேயும் புல்வெளியை இயற்கைத் திறப்பு என்றே பலரும் கருதுவர். அது போலோ திடல். ஆளுநர் காலத்து ஆடுகளம், புல்லாகவே நிலைத்துவிட்டது. காத்தான் கொல்லை என்னும் குளத்தின் பெயர் அங்கே ஒரு காலத்தில் புன்செய்ப் பயிர் இருந்ததைச் சுட்டுகிறது.  காட்டுக்குள்ளேயே ஆடுகளமும் கொல்லையும் இருந்திருக்கின்றன. வெளிமான்கள் 1924இல் வில்லிங்டன் பிரபு கொண்டுவந்து விட்டவை. புள்ளிமான்கள் 1945க்குப் பின் வந்தவை என்பர்.

பிற்காலம்

1958இல் ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது, இன்னொரு பகுதி மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் ஆனது. 1961க்கும் 1977க்கும் இடையே சுமார் 172 எக்டேர் கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்கும் பறிபோனது. ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் எழுந்தது அந்நிலத்தில்தான். 1978இல் எஞ்சிய காடு தேசியப் பூங்காவாயிற்று. 1980களின் பிற்பகுதியில் எழுந்த மதிற்சுவர் அதை ஐ.ஐ.டி., ஆளுநர் மாளிகைக் காடுகளிலிருந்து பிரித்தது. இன்று பூங்காவில் 350க்கு மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன.