"பொதுவாக" என்ற ஒரு சொல்

எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. பி.காம். படித்த வங்கிக்காரன். ஆனால் சுற்றறிக்கை படிக்கத் தெரியும். இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. ஒரே வரியை மும்பைக் கிளை ஒரு மாதிரியும் மதுரைக் கிளை வேறு மாதிரியும் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரிந்த தலைவலி. அதே தலைவலியைக் கணினிக்காரர்கள் 1960-லேயே பட்டிருக்கிறார்கள்.

அல்கால் 60 என்று ஒரு கணினி மொழி. 1960 ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 13 பேர் பாரிஸில் கூடி அதை வடிவமைத்தார்கள். அறிக்கையைத் தொகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நௌர். இந்த மொழி எந்த ஒரு கம்பெனியின் மெஷினுக்கும் சொந்தமில்லை. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் மொழி. உலகில் யார் வேண்டுமானாலும் அதைப் படித்துத் தங்கள் மெஷினுக்கு கம்பைலர் எழுதிக்கொள்ளலாம்.

அறிக்கையில் இரண்டு பங்கு. வாக்கியங்களின் வடிவத்தை ஜான் பேக்கஸ் வகுத்த சூத்திரங்கள் சொல்லும். அவற்றின் அர்த்தத்தைச் சாதாரண ஆங்கிலம் சொல்லும். காசோலையில் எண்ணும் எழுத்தும் இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூத்திரத்திலேயே ஒரு ஓட்டை. "இஃப்... தென்" என்பதை அடுத்து நேராக இன்னொரு "இஃப்" வரக்கூடாது என்று தடுத்திருந்தார்கள். வந்தால் கடைசியில் வரும் "எல்ஸ்" எந்த இஃபுக்குச் சொந்தம் என்று சண்டை வரும். ஆனால் நடுவில் ஒரு "ஃபார்" வாக்கியத்தைப் போட்டால், அதற்குள் ஒளிந்துகொண்டு இரண்டாவது இஃப் உள்ளே வந்துவிடும்! 1963-ல் வெளியான திருத்திய அறிக்கையில்தான் அந்தக் கதவை அடைத்தார்கள்.

ஆங்கிலப் பகுதியின் கதை இன்னும் சுவாரசியம். ஒரு கோவையில் கணக்குகள் "பொதுவாக" இடமிருந்து வலமாக நடக்கும் என்று அதில் இருந்தது. அ-வின் மதிப்பு 1. ப என்ற சார்பு அ-வை ஒன்று கூட்டிவிட்டு 10-ஐத் திருப்பித் தருகிறது. இப்போது அ + ப எவ்வளவு? அ-வை முதலில் எடுத்தால் 11. ப-வை முதலில் அழைத்தால் 12. ஒரே புரோகிராம், இரண்டு மெஷின், இரண்டு விடை. இரண்டு கம்பைலர்காரர்களும் அறிக்கையைக் காட்டி "நான் சரி" என்று சொல்லலாம். நடுவில் மாட்டிக்கொள்பவர் விடையை நம்பியவர். 1967-ல் டொனால்ட் நூத் இந்த மொழியில் மிச்சமிருந்த சிக்கல்களைத் தொகுத்து ஒரு கட்டுரையே எழுதினார். இதுவும் அந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொரு வரியின் கதை உண்டு. ஒரு புரோசீஜர் தன்னையே அழைக்கலாம் என்பதற்குத் தனிச்சொல் வைக்கும் யோசனை பாரிஸில் தோற்றுப்போனது. அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமிலிருந்து வான் வைன்கார்டனும் டைக்ஸ்ட்ராவும் நௌருக்கு போன் செய்தார்கள். புரோசீஜரின் பெயர் அதன் உடலுக்குள் எங்கு வந்தாலும், மதிப்பு கொடுக்கும் இடம் தவிர, அதை மறுபடி அழைப்பதாகவே பொருள் என்று ஒரு வரி சேர்ந்தது. குழுவில் இருந்த ஜெர்மானியர் பவுவர் பிற்பாடு இதை "ஆம்ஸ்டர்டாம் சதி" என்றே சொன்னார். அதே 1960 ஆகஸ்டில் டைக்ஸ்ட்ராவும் சோன்வெல்டும் எழுதிய கம்பைலர் ஓடத் தொடங்கியது. இன்று பெரும்பாலான மொழிகளில் இந்த வசதி சர்வசாதாரணம்.

எங்கள் தொழிலில் 1881-லேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். செலாவணி முறிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது. இத்தனை நாள் கழித்துப் பணம் என்று எழுதிய உண்டியலில் எழுதிய தேதியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. இதைவிட நல்ல விதிகள் இருக்கலாம். ஆனால் சண்டைக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

கணினிக்காரர்கள் வேறொரு வழியும் கற்றுக்கொண்டார்கள். 1989-ல் வந்த சி மொழியின் தரவரையறை, பெரும்பாலான கோவைகளில் எது முதலில் கணக்கிடப்படும் என்பதை நாங்கள் வரையறுக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. "பொதுவாக" என்று மழுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். எங்கே பள்ளம் என்று தெரிந்தால் சுற்றிப் போகலாம் அல்லவா?

அடுத்த முறை ஒரு சுற்றறிக்கையில் "வழக்கமாக", "தகுந்த சந்தர்ப்பங்களில்" என்று பார்த்தால் கொஞ்சம் நின்று படியுங்கள். எழுதியவர் முடிவெடுக்காமல் விட்டதை, கவுன்ட்டரில் நிற்கும் யாரோ ஒருவர் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.