போகிறவளின் கவலை, இருப்பவனின் ரகசியம்

வீட்டில் ஒருவர் தீராத நோயில் படுத்துவிட்டால், துக்கம் இறப்பு நாள்வரை காத்திருப்பதில்லை. பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் வீட்டார் ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள்? பதின்வயதினருக்காக எழுதப்பட்ட ஆங்கில நாவல்களில், இந்தக் கேள்வியை நேருக்கு நேர் பார்த்த இரண்டு நூல்கள் ஓராண்டு இடைவெளிக்குள் வந்தன. ஒன்று, 2011இல் வெளியான பேட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’. மற்றொன்று, 2012 ஜனவரியில் வெளியான ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’. முதலாவது பதின்மூன்று வயதுச் சிறுவன் கானரின் கதை; இறந்துகொண்டிருப்பவர் அவனுடைய அம்மா. இரண்டாவது பதினாறு வயது ஹேசலின் கதை. அங்கே நோயாளி அவளேதான். ஒரே வீட்டை இரண்டு கட்டில்களிலிருந்து பார்ப்பது போன்றவை இந்த இரு நூல்களும். அதனால்தான் சேர்த்து வாசிக்கத் தோன்றுகிறது. இரண்டின் முடிவையும் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்னும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நூல்களுக்கும் பின்னால் ஓர் உண்மையான மரணம் இருக்கிறது. கானரின் கதையை முதலில் யோசித்தவர் ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர். மார்பகப் புற்றுநோயால் 2007 ஆகஸ்டில், நாற்பத்தேழு வயதில் இறந்துபோனார். கதையின் கருவும் தொடக்கமும் அவரிடம் இருந்தன. எழுதி முடிக்கும் அளவுக்கு ஆயுள் இல்லை. பதிப்பகம் அதை நெஸ்ஸிடம் கொடுத்தது. டவுட்டை நெஸ் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அவருடைய நடையைப் போலி செய்யாமல் தன் நடையிலேயே எழுதினார். ஜிம் கே கறுப்பு வெள்ளையில் படங்கள் வரைந்தார். எழுத்துக்கான கார்னகி பதக்கமும் படங்களுக்கான கேட் கிரீனவே பதக்கமும் 2012இல் இந்த ஒரே நூலுக்குச் சேர்ந்து கிடைத்தன. அதற்கு முன் எந்த நூலுக்கும் அப்படி நடந்ததில்லை.

கிரீன் இளம் வயதில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்லும் சமயப் பணியில் சில மாதங்கள் இருந்தார். அங்கே பார்த்தவற்றை எழுதப் பல ஆண்டுகள் முயன்றார். பிறகு எஸ்தர் ஏர்ல் என்ற வாசகி அவருக்கு நண்பரானார். தைராய்டு புற்றுநோயால் அந்தப் பெண் 2010இல் பதினாறு வயதில் இறந்தார். நாவல் அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. ஹேசல் எஸ்தர் அல்ல என்று கிரீன் சொல்லியிருக்கிறார். அதை நாம் மதிக்க வேண்டும்.

ஹேசலுக்குத் தைராய்டில் தொடங்கிய புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டது. மூக்கில் குழாய், கூடவே இழுத்துச் செல்லும் ஆக்ஸிஜன் சிலிண்டர். அவளை உயிரோடு வைத்திருக்கும் மருந்து கிரீன் கற்பனையில் உருவாக்கியது. தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடும் நோயாளிகள் குழுவில் அகஸ்டஸைச் சந்திக்கிறாள். எலும்புப் புற்றால் ஒரு காலை இழந்தவன் அவன். காதல் வருகிறது. ஆனால் அவள் அதை ஏற்கத் தயங்குகிறாள். தான் எந்த நேரத்திலும் வெடிக்கப்போகிற குண்டு, அருகில் இருப்பவர்களெல்லாம் சிதறிப்போவார்கள் என்பது அவள் பயம். சாவதைவிட, தன் சாவு பிறருக்குச் செய்யப்போவதைத்தான் அவள் அதிகம் நினைக்கிறாள்.

இந்தப் பயத்தின் வேரை கிரீன் நாவலுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்திருக்கிறார். ஹேசல் உயிராக மதிக்கும் ஒரு கதைப் புத்தகம் உண்டு. அதுவும் கிரீனின் கற்பனையே. புற்றுநோய் வந்த ஆன்னா என்ற சிறுமியின் கதை அது. பாதி வாக்கியத்தில் அறுந்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஆன்னாவின் அம்மா என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள ஆம்ஸ்டர்டாம்வரை போகிறாள் ஹேசல். அங்கே இருக்கும் அதன் எழுத்தாளர் குடித்துக் கெட்டுப்போன மனிதராக இருக்கிறார். தன் மகளை எட்டு வயதில் ரத்தப் புற்றுக்குப் பறிகொடுத்தவர் அவர் என்பது பிறகு தெரிகிறது. பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவள் கேட்டது ஆன்னாவின் அம்மாவைப் பற்றியே அல்ல. முதன்முதலில் சாவின் விளிம்புவரை போய்க் கிடந்தபோது, தன் அம்மா அப்பாவிடம் அழுதுகொண்டே, இனி நான் யாருக்கும் அம்மா இல்லை என்ற பொருளில் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அதைச் சுமந்துகொண்டே திரிகிறாள்.

அதற்கு விடை வருவது வீட்டுக்குள்ளேயேதான். நாவலின் பிற்பகுதியில் பெற்றோரோடு சண்டை வருகிறது. நான் போன பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல் கிடப்பீர்கள் என்று கத்துகிறாள். அப்போதுதான் அம்மா ஒப்புக்கொள்கிறாள்: மகளுக்குத் தெரியாமல் சமூகப் பணியில் முதுகலைப் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள். நோயுற்ற பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு உதவுவதற்கான படிப்பு அது. மகள் இல்லாத நாளைப் பற்றித் தான் நினைப்பது தெரிந்தால் அவள் மனம் உடைந்துவிடும் என்று பயந்து மறைத்திருக்கிறாள். ஹேசலுக்கோ சொல்ல முடியாத மகிழ்ச்சி. அம்மாவுக்கு ஒரு நாளை இருக்கிறது! என் கணிப்பில் இந்த நாவலின் உச்சம் ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் முத்தம் அல்ல, இந்தச் சண்டைதான். உலகமே இதைக் காதல் கதையாகக் கொண்டாடியது. எனக்கோ இது ஒரு மகளும் தாயும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காக ஒருவருக்கொருவர் மறைத்த கதையாகத் தெரிகிறது.

அகஸ்டஸ் பகுதியில் எனக்கு ஒரு குறை உண்டு. இருவரும் எப்போதும் அழகாகவே பேசுகிறார்கள். பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு அதற்கு உருவக விளக்கம் சொல்கிறான் அவன். இந்த வயதுப் பிள்ளைகள் இப்படிப் பேசுவார்களா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அந்த அலங்காரம் முழுதும் விழும் ஓர் இடம் இருக்கிறது. நோய் திரும்பி முற்றிய பிறகு, ஒரு நள்ளிரவில் தானே சிகரெட் வாங்க வேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் போய்விடுகிறான். வயிற்றில் பொருத்திய, உணவு செலுத்தும் குழாயைச் சுற்றிச் சீழ் பிடித்திருக்கிறது. வாந்தியெடுத்து, அழுது, யாரையும் கூப்பிடாதே என்று ஹேசலிடம் கெஞ்சுகிறான். அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறாள். அந்தப் பக்கங்களில் உருவகம் எதுவும் இல்லை. ஒரு பையனின் மானம் போவதையும், ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டு விலகாமல் நிற்பதையும் கிரீன் அப்படியே எழுதியிருக்கிறார். காதலைப் பற்றி நாவலில் நான் நம்பிய இடம் அதுதான்.

அவன் இறுதிச் சடங்கில் இன்னொன்று நடக்கிறது. அவன் உயிரோடிருக்கும்போதே, அவன் கேட்டதற்காக, தன் மனதிலிருந்ததையெல்லாம் அவனிடம் படித்துக்காட்டிவிட்டாள் ஹேசல். சடங்கில் அதைப் படிக்கவில்லை. வீட்டுச் சுவரெல்லாம் நம்பிக்கை வாசகங்களை மாட்டிவைத்திருக்கும் அவன் பெற்றோருக்குப் பிடித்த விதத்தில், தானே நம்பாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டு இறங்குகிறாள். சடங்கு உயிரோடிருப்பவர்களுக்கானது என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. உண்மையை அவனுக்கும் ஆறுதலை இருப்பவர்களுக்கும் கொடுத்த அந்தப் பெண்ணின் முதிர்ச்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நெஸ்ஸின் கானருக்கோ மனதிலிருப்பதைச் சொல்லவே வராது. அப்பா அமெரிக்காவில் புதிய குடும்பத்தோடு. அம்மா சிகிச்சையால் துவண்டு படுத்திருக்கிறாள். பையன் தானே காலை உணவைப் பார்த்துக்கொண்டு, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். இரவு 12.07க்கு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூ மரம் ராட்சசனாக எழுந்து வருகிறது. மூன்று கதைகள் நான் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உன் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. யூ மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இங்கிலாந்தின் கல்லறைத் தோட்டங்களில் காலங்காலமாக நிற்கும் மரம் அது. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கப்படும் பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் மருந்துகளுக்கு மூலம் யூ இன மரங்களே. நாவலிலும் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுத்துப் பார்க்கும் மருந்து யூ மரத்திலிருந்து வந்ததுதான். கானர் அந்த மரத்தையே நம்பியிருக்கிறான். மருந்து கேட்கவில்லை.

ராட்சசன் சொல்லும் கதைகளில் நல்லவன் கெட்டவன் கணக்கு சரியாக வராது. ஒரு கதையில் பேராசைக்கார மருந்துக்காரன் சரியானவனாகவும், நல்ல குணமுள்ள பாதிரியார் தவறானவராகவும் ஆகிவிடுகிறார்கள். இது என்ன நியாயம் என்று கானர் கொதிக்கிறான். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்கும் என்று அவனைப் பழக்கத்தான் அந்தக் கதைகள்.

நான் பலமுறை திரும்பிப்போன இடம் பள்ளிக்கூடத்தில் நடப்பது. தன்னை வம்புக்கிழுக்கும் ஹாரியைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் அடித்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறான் கானர். தலைமையாசிரியையின் அறையில் நிற்கிறான். விதிப்படி அவனைப் பள்ளியை விட்டே அனுப்ப வேண்டும். அவரோ, உன் நிலைமையில் உன்னைத் தண்டித்து என்ன பயன் என்கிற விதமாகப் பேசி அனுப்பிவிடுகிறார். பாட்டியின் வரவேற்பறையை அடித்து நொறுக்கியபோதும் இதேதான். பாட்டி வந்து பார்க்கிறாள், அலறுகிறாள், பிறகு மிஞ்சி நின்ற ஒரே அலமாரியைத் தன் கையாலேயே இழுத்துக் கீழே தள்ளுகிறாள். அப்பாவும் திட்டவில்லை. எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். கானர் ஏங்குவது தண்டனைக்கு. தான் தண்டிக்கப்பட வேண்டியவன் என்று அவன் உறுதியாக நம்புகிறான்.

ஏனென்றால் அவனிடம் ஒரு ரகசியம் இருக்கிறது. தினமும் வரும் கெட்ட கனவில் அம்மா பள்ளத்தின் விளிம்பில் தொங்குகிறாள். அவள் கையை அவன் பிடித்திருக்கிறான். இன்னும் சற்றுநேரம் பிடித்திருக்க முடியும், ஆனாலும் விட்டுவிடுகிறான். எல்லாம் முடிந்தால் போதும் என்று அவனுக்குள் ஒரு மூலையில் தோன்றிவிட்டது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட எத்தனையோ பேருக்குள் இது தோன்றியிருக்கும். வாய்திறந்து சொன்னவர்கள் குறைவு. ராட்சசன் அவன் வாயிலிருந்து அதை வரவழைத்துவிட்டு, அம்மா போகக்கூடாது என்பதும் வலி முடிந்தால் போதும் என்பதும் ஒருசேர உண்மைதான் என்கிறது. நினைப்பு குற்றமாகாது, செய்கையே கணக்கில் வரும் என்கிறது. அதற்குப் பிறகுதான் கானர் மருத்துவமனைக்கு ஓடி, அம்மாவைக் கட்டிக்கொண்டு, நீ போகக் கூடாது என்று சொல்ல முடிகிறது.

ஹேசலின் அம்மா மகளுக்காக மறைத்தாள். கானரின் அம்மாவும் குணமாகிவிடும் என்றே மகனிடம் சொல்லிவந்தாள். இருவரும் மறைத்தது அன்பினால்தான். ஆனால் கானருடைய அம்மா ஒன்றைச் சரியான நேரத்தில் செய்கிறாள். கோபத்தில் பேசாமல் நிற்கும் மகனிடம், பின்னொரு நாள் இந்தக் கோபத்துக்காக நீ வருந்தினால், எனக்கு அது தெரியும், பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். பிற்காலத்துக் குற்ற உணர்ச்சிக்கு இப்போதே மன்னிப்பு கொடுத்துவிட்டுப் போகும் தாய் அவள்.

கிரீன் மரணத்தைத் தாண்டியும் நாவலைக் கொண்டுபோகிறார். சடங்கு, இரங்கல் பதிவுகள், கடைசியில் கைக்கு வந்து சேரும் அகஸ்டஸின் எழுத்து என்று ஆறுதல்கள் அடுத்தடுத்து வருகின்றன. நெஸ் மரணத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே நிறுத்திவிடுகிறார். அம்மா உயிரோடிருக்கிறாள், 12.07 நெருங்குகிறது, அவ்வளவுதான். எந்த ஆறுதலையும் வெளியிலிருந்து கொண்டுவராத இந்தக் கண்டிப்பால் நெஸ்ஸின் நூலே எனக்கு உயர்ந்து நிற்கிறது. கிரீனின் நூலில் பெற்றோரின் பகுதி அதற்குச் சமமாக நிற்கும். காதலர்களின் பகுதி நிற்காது.

படங்களாகவும் இரண்டும் வந்தன. கிரீனின் நாவல் 2014இல் ஹாலிவுட் படமானது; 2020இல் ‘தில் பேச்சாரா’ என்று இந்தியில் வந்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான். அதன் நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த பிறகு வெளியான படம் என்பதால், நம் பிள்ளைகளில் பலர் கதையை அந்தத் துயரத்தோடு சேர்த்தே அறிந்திருக்கிறார்கள். நெஸ்ஸின் நூல் 2016இல் பயோனா இயக்கத்தில் வந்தது. திரைக்கதையும் நெஸ்ஸே எழுதினார்.

நம் வீடுகளில் டாக்டர் சொன்னதைப் பேசும்போது பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. யாரிடம் கேட்பது என்பதுதான் தெரிவதில்லை. அப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்தால், அங்கே பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பிள்ளை இருந்தால், ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ நூலை வாங்கி முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அது பேச வரும் நாளில் கேட்பதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.