பாப்பாக்குறிச்சி முதல் வாரணவாசி வரை



15.11.2024 அன்று அரியலூர் பக்கம் வாரணவாசி அங்கன்வாடியில் முதலமைச்சர் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைத்த படத்தைப் பலர் எனக்கு அனுப்பினீர்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட, மிகவும் மெலிந்த குழந்தைகளின் தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தரும் திட்டம்.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியது பாப்பாக்குறிச்சியில். அப்போது பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சி மாவட்டம்தானே! காமராசர் காலத்து மதிய உணவு அதற்கு முன்பே உண்டு. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் எட்டவில்லை.

நான் செந்துறைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இருந்தேன். மானாவாரி மண். மழை பொய்த்த வருடம் காலை வணக்கத்திலேயே பிள்ளைகள் மயங்கி விழும். "என்னடா சாப்பிட்ட?" என்றால், "நீராகாரம் சார்" என்பான்.

1989-இல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் முட்டையைத் தின்னாமல் பாவாடையில் முடிந்து வைத்தாள். விவரம் கேட்காமல் அதட்டிவிட்டேன். வீட்டிலிருக்கும் மூன்று வயதுத் தம்பிக்காம். அவன் ஏன் பால்வாடிக்குப் போகவில்லை? பால்வாடி மேலத்தெருவில். அந்தத் தெருவுக்குள் நுழைய அவள் அம்மாவுக்குப் பயம். மறுநாள் நானே அவனைத் தோளில் தூக்கிப் போய் உட்காரவைத்தேன். இரண்டொருவர் முறைத்தார்கள், ஆயா சோறு போட்டார்.

உங்கள் ஊர் அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது? எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்களா? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.