பூஞ்சைகளால் மரம் மக்குதல்

காட்டில் விழுந்த மரம் மண்ணோடு மண்ணாவதில் முதன்மையான பங்கு பூஞ்சைகளுடையது. கட்டையில் ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத் தொட்டால் அவை தழைக்கும். 20-க்குக் கீழே காய்ந்திருந்தால் பெரும்பாலும் அண்டுவதில்லை. மரத்தில் அவற்றுக்கு உணவாவது செல்லுலோஸ். அதைச் சூழ்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின்தான் தடை. இத்தடையைப் பூஞ்சை எப்படிக் கடக்கிறது என்று தெரிய 150 ஆண்டுகள் பிடித்தன.

1833-இல் ஜெர்மானிய வனவியலாளர் தியோடர் ஹார்டிக், மக்கிய மரத்துக்குள் மெல்லிய இழைகளைக் கண்டார். மரத்தின் செல்களே உருமாறி அவ்வாறு ஆகின்றன என்று எழுதினார். மரம் முதலில் கெடும், காளான் பிறகு முளைக்கும் என்பதே அன்றைய கருத்து. வெளியே காளான் தென்படுவது கடைசியில்தான் என்பதால் அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அக்கருத்தைப் புரட்டிப் போட்டவர் தியோடரின் மகன் ராபர்ட் ஹார்டிக். கட்டைக்குள் ஓடும் இழையும் பட்டைமேல் புடைத்திருக்கும் காளானும் ஒரே உயிரிதான் என்று 1874-இல் காட்டினார். ஊசியிலை மரங்களையும் ஓக்கையும் ஆராய்ந்து 1878-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு பூஞ்சையும் மரத்தைத் தனக்கே உரிய விதத்தில் சிதைப்பதை விளக்கினார்.

இவ்விதங்களுள் ஒன்றான வெள்ளை அழுகலில் லிக்னின், செல்லுலோஸ் இரண்டும் கரைகின்றன. மரம் வெளிறி மெத்தென்றாகி நார்நாராகப் பிரியும். பழுப்பு அழுகலில் லிக்னின் மட்டும் பெரிதும் எஞ்சுகிறது. கட்டை சுருங்கி, குறுக்கும் நெடுக்கும் வெடித்துச் சிறு கட்டங்களாகும். விரலால் நசுக்கினால் பழுப்புப் பொடி. 1928-இல் ஆய்வாளர் பாவென்டாம், டானின் கலந்த வளர்தளத்தில் பூஞ்சைகளை வளர்த்தார். வெள்ளை அழுகல் வகைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் படர்ந்தது. மற்றவற்றில் பெரும்பாலும் இல்லை. அதிகச் செலவில்லாத இச்சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. மூன்றாவதான மென் அழுகல் தனி வகையாகப் பெயர் பெற்றது 1954-இல்.

லிக்னினைத் தாக்கும் நொதி 1983-இல் அகப்பட்டது. பேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெள்ளை அழுகல் பூஞ்சையில் அதைக் கண்ட குழுக்களுள் ஒன்று, அமெரிக்காவின் மேடிசன் வனப்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்த டியெனும் கிர்க்கும். நைட்ரஜன் தட்டுப்பாடு வந்தால் இப்பூஞ்சை அந்நொதியைச் சுரக்கிறது. மரத்திலோ நைட்ரஜன் மிகக் குறைவு. 2004-இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியானது.

31 பூஞ்சைகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வு, லிக்னினைச் சிதைக்கும் திறன் ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்றது. அதுவரை மரம் மக்காமல் குவிந்ததே நிலக்கரி ஆனது என்ற கதை உடனே பரவியது. 2016-இல் வந்த மறுப்பே வலுவானது: அக்கால நிலக்கரிக் காடுகளில் ஓங்கியிருந்த தாவரங்களில் லிக்னின் குறைவு, சதுப்பும் புவியோட்டு அசைவால் தாழ்ந்த படுகைகளுமே நிலக்கரிக்குப் போதுமான காரணங்கள்.

பழுப்பு அழுகல் பூஞ்சைகள் வெள்ளை அழுகல் மூதாதையரிடமிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை, லிக்னினைத் தாக்கும் நொதிகளின் மரபணுக்களை இழந்து பிறந்தவை. பெரிய நொதிகள் நுழைய முடியாத செல்சுவருக்குள் அவை இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினைபுரியச் செய்து, 1894-இல் வேதியியலாளர் ஃபென்டன் விவரித்த அதே வினையால், செல்லுலோஸை அறுக்கின்றன. அவை விட்டுச்செல்லும் லிக்னின் எச்சம் வடபுல ஊசியிலைக் காட்டு மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது.