வாய்ப் புற்றுநோயும் மாற்றியமைத்த வைரசுகளும்

நோய் தரும் ஒரு வைரசின் மரபணுக்களை ஆய்வுகூடத்தில் வெட்டியும் ஒட்டியும் திருத்தி, அதையே புற்றுநோய்க்கு எதிராக ஏவும் மருத்துவம் மரபணுச் சிகிச்சையின் ஒரு கிளை. வைரசுக்குத் தனியே பெருகத் தெரியாது. ஒரு கலத்துக்குள் (தமிழ்நாட்டு வழக்கில் உயிரணு) நுழைந்து, தன் மரபணுவை அங்கே இறக்கி, அந்தக் கலத்தைக் கொண்டே தன் படிகளைச் செய்துகொள்ளும். நுழைந்து இறக்கும் இந்தத் திறமைதான் மருத்துவருக்கு வேண்டியது. சில மருந்துகளில் வைரசு சுமை தூக்கி மட்டுமே. பெருகும் சக்தியைப் பறித்துவிட்டு, வேண்டிய மரபணு ஒன்றை அதன்மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். வேறு சிலவற்றில் அது புற்றுக் கலத்துக்குள் பெருகி, கலத்தை உடைத்து வெளியேறி, அடுத்த கலத்துக்குத் தாவுகிறது.

இப்படி மாற்றியமைத்த வைரசு மருந்துகளில் அரசு அனுமதியை முதலில் பெற்ற இரண்டும் சீனாவில் உருவானவை. இரண்டும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கானவை. வாய்ப் புற்றுநோயும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். அதனால் மலையகத் தமிழருக்கு இது எங்கோ நடக்கும் விஞ்ஞானமல்ல. சொந்த வீட்டு விஷயம்.

வட்டவளையும் வெற்றிலைப் பையும்

நாவலப்பிட்டிக்கும் ஹற்றனுக்கும் இடையே, கொழும்பு–பதுளை ரயில் பாதையில் இருக்கிறது வட்டவளை. இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை ஒட்டியது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் நாள் கணக்கில் வெயில் முகம் தெரியாது. அந்த மழையிலும் தேயிலைக் கொழுந்து எடுத்தாக வேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, மடியில் வெற்றிலைப் பை. பையைத் திறந்தால் மடித்த வெற்றிலை, பாக்குச் சீவல், சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டு புகையிலை. பாக்கு உடம்பைக் கொஞ்சம் சூடேற்றும், பசியை மந்தப்படுத்தும்; சுண்ணாம்பு அட்டைக் கடிக்கும் உதவும். ஈரத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு அது ஆடம்பரமல்ல. இதை மறந்துவிட்டு வெற்றிலை போடுகிறவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

பழகியவர்கள் வெற்றிலையை மென்று விழுங்கிவிடுவதில்லை. கன்னத்தின் உட்புறம் ஒரு பக்கமாக அதக்கிக்கொள்வார்கள், பெரும்பாலும் ஒரே பக்கம். புண் வருவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை தோட்டங்களில் பலமாக இருக்கிறது. அது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது.

புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. அதற்கு முன்னறிவிப்பு உண்டு. கன்னத்தின் உள்ளே துடைத்தாலும் போகாத வெண்திட்டு, அதைவிட ஆபத்தான செந்திட்டு, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலின் உறைப்பைத் தாங்க முடியாத எரிவு ஆகியவை அதன் அடையாளங்கள். பாக்கு மெல்வோருக்குக் கன்னத்தின் உட்தோல் நார் நாராக இறுகும் நோயும் வரும். வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கிடையே வைக்க முடிகிறதா என்று பார்ப்பது மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை. நோய் முற்றியவருக்கு ஒரு விரல் நுழைவதே கஷ்டம்.

காவல் இழந்த கலம்

கலத்தின் டி.என்.ஏ. சிதைந்தால் அதன் பெருக்கத்தை நிறுத்துவது பி53 என்ற புரதம். சிதைவைச் சரிசெய்ய முடியாவிட்டால் அந்தக் கலத்தைச் சாகவும் வைக்கும். ஆண்டுக்கணக்கில் வெற்றிலையும் புகையிலையும் சாராயமும் பட்ட வாய்க் கலங்களில் இந்தக் காவல் மரபணுவே கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. காவல் போனபின் சிதைந்த கலம் தடையின்றிப் பெருகுகிறது.

தடிமன் (ஜலதோஷம்) உண்டாக்கும் அடினோவைரசுக்கும் பி53 பகைதான். பெருக வந்த வைரசை அது கலத்தோடு சேர்த்துச் சாகடித்துவிடும். அதனால் வைரசு, ஈ1பி-55கே என்ற தன் புரதத்தால் பி53ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிட்டே வேலையைத் தொடங்கும். கலிபோர்னியாவில் இருந்த ஓனிக்ஸ் நிறுவனத்தில் பிராங்க் மெக்கோர்மிக்கின் குழு, இந்தப் புரதத்தைத் தரும் மரபணுப் பகுதியை நீக்கிய ஒரு வைரசைப் பயன்படுத்தி 1996இல் ஒரு யோசனையை முன்வைத்தது. நல்ல கலத்தில் பி53 விழிப்பாக இருக்கும். ஆயுதம் இழந்த வைரசு அங்கே பெருக முடியாது. புற்றுக் கலத்தில் பி53 ஏற்கெனவே இல்லை. அங்கே வைரசுக்கு அந்த ஆயுதமே தேவையில்லை. நோயின் குறைபாட்டையே வைரசுக்கு வாசலாக்கும் இந்த யோசனையின் அழகு இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

அழகான விளக்கம் முழு உண்மையாக இருக்கவில்லை. பி53 கெடாத சில புற்றுக் கலங்களிலும் அந்த வைரசு பெருகியது. ஈ1பி-55கே செய்யும் வேறு வேலைகளும் கணக்கில் வர வேண்டியிருந்தது. ஆனாலும் மருந்து வேலை செய்தது. 2000இல் வெளியான ஒரு பரிசோதனையில், மீண்டும் தலைதூக்கிய தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகளுக்குள் இந்த வைரசை ஊசி மூலம் செலுத்தி, கூடவே சிஸ்பிளாட்டின், 5-புளோரோயூரசில் என்ற வழக்கமான மருந்துகளையும் கொடுத்தார்கள். மதிப்பிட முடிந்த 30 பேரில் 19 பேருக்குக் கட்டி பெரிதும் சுருங்கியது; அவர்களில் 8 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்காவில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

ஏறத்தாழ அதே அமைப்புள்ள எச்101 என்ற வைரசை ஷாங்ஹாயின் சன்வே நிறுவனம் முன்னெடுத்தது; 2005 நவம்பரில் சீன அரசு அதற்கு அனுமதி தந்தது. சிகிச்சை நடக்கும் விதம் எளிமையானது. கரைசலாக்கிய வைரசை ஊசியில் எடுத்துக் கட்டிக்குள்ளேயே ஏற்றுகிறார்கள். தொடர்ந்து 5 நாள், 21 நாளுக்கு ஒரு சுற்று. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வலியும் வரும், தடிமன் பிடித்தவரைப் போல உடம்பு அசதியாக இருக்கும். சீனப் பரிசோதனையில் வைரசையும் மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் 78.8 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. மருந்துகளை மட்டும் பெற்றவர்களில் 39.6 சதவீதத்தினருக்கு. கட்டி சுருங்குவதும் ஆயுள் நீளுவதும் ஒன்றல்ல என்பதை இந்த எண்களோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அதற்கு முன்பே, 2003 ஒக்டோபரில், ஷென்சென் நகரின் சிபியோனோ நிறுவனத்தின் ஜென்டிசின் அனுமதி பெற்றிருந்தது. அதில் அடினோவைரசு பெருகாது. பழுதில்லாத பி53 மரபணுவைச் சுமந்து போய்ப் புற்றுக் கலத்தில் இறக்கும். இழந்த காவலை ஒரு மருந்து திருப்பிக் கொடுக்கிறது. காவல் இல்லாததை மற்றொன்று பயன்படுத்திக்கொள்கிறது.

பழைய ஊகமும் புதிய மருந்துகளும்

வைரசால் புற்றுநோய் தணியலாம் என்ற ஊகம் பழையது. இரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது வெள்ளணுக்கள் குறைந்ததை அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் டொக் 1904இல் எழுதினார். 1949இல் மஞ்சட்காமாலை வைரசையும், 1956இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அடினோவைரசையும் திருத்தாமல் அப்படியே கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் சில சுருங்கின. பலன் நிலைக்கவில்லை, ஆபத்து மட்டும் நிச்சயமாக இருந்தது. மரபணுவை வெட்டி ஒட்டும் கலை கைவந்த பிறகே வழி திறந்தது. 1991இல் ரொபர்ட் மார்டுசாவின் குழு, ஒரு மரபணுவை நீக்கிய ஹெர்பிஸ் வைரசால் மூளைக் கட்டியைத் தாக்க முடியும் என்று எலிகளில் காட்டியது.

உதட்டோரத்தில் கொப்புளம் தரும் அதே ஹெர்பிஸ் வைரசிலிருந்து உருவான டி-வெக்குக்கு 2015 ஒக்டோபர் 27இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நோக்கம் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். வைரசின் இரண்டு மரபணுக்கள் நீக்கப்பட்டு, நோயெதிர்ப்புக் கலங்களை அழைக்கும் மனிதப் புரதம் ஒன்றின் மரபணு அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. உடையும் புற்றுக் கலத்தின் துண்டுகளை உடம்பின் காவற்படை அடையாளம் கண்டு, ஊசி படாத கட்டிகளையும் தேடிப்போக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 436 பேர் சேர்ந்த பரிசோதனையில் நீடித்த பலன் கண்டோர் 16.3 சதவீதம், ஒப்பீட்டு மருந்து பெற்றோரில் 2.1 சதவீதம். 2021 ஜூனில் ஜப்பான், தோக்கியோ பல்கலைக்கழகத்தின் தோமோகி தோதோ உருவாக்கிய ஹெர்பிஸ் வைரசுக்கு, மூளைப் புற்றுநோய்க்காக நிபந்தனையுடன் அனுமதி தந்தது. சிறுநீர்ப்பைக்குள் ஊற்றும் அடினோவைரசு மருந்து ஒன்று 2022 டிசம்பரில் அமெரிக்காவில் வந்தது.

இந்தியாவில் கிடைத்திருப்பது வேறொரு வழி. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது. இங்கே வைரசு நோயாளியின் உடம்புக்குள் போவதில்லை. நோயாளியின் டி-கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களை வெளியே எடுத்து, எயிட்ஸ் வைரசின் குடும்பத்தைச் சேர்ந்த, தீங்கு நீக்கிய வைரசு ஒன்றால் புதிய மரபணுவை அவற்றில் ஏற்றி, திரும்பவும் உடம்புக்குள் செலுத்துகிறார்கள். அது சில இரத்தப் புற்றுநோய்களுக்கே. வாய்க் கட்டிக்கு அல்ல.

எட்டும் தூரம்

வைரசுச் சிகிச்சைக்குப் பெரிய தடை நம் உடம்பே. தடிமன் வராதவர் யார்? ஒருமுறை பழகிய அடினோவைரசை எதிர்க்கும் பொருட்கள் இரத்தத்தில் தயாராக இருக்கும். இரத்த நாளத்தில் ஏற்றினால் கட்டியை அடையுமுன்பே பெரும்பகுதி அழிந்துவிடும். ஈரலில் போய்ச் சேர்வதும் ஆபத்து. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1999இல், பரம்பரை ஈரல் நோய்க்காக அடினோவைரசு ஏற்றப்பட்ட 18 வயது இளைஞர் இறந்தபோது இந்தத் துறையே நடுங்கி நின்றது. அதனால்தான் ஊசி நேராகக் கட்டிக்குள் போகிறது. கை எட்டும் கட்டிகளுக்கே இந்த மருத்துவம் இதுவரை நன்றாகப் பொருந்துகிறது. குளிரும் ஒரு பிரச்சினை. டி-வெக்கைச் சுழியத்துக்குக் கீழே 70 முதல் 90 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். மலைப்பாதையில் அதைக் கொண்டுவருவது சாதாரண வேலையல்ல.

வாய் கை எட்டும் இடம். கண் எட்டும் இடமும்கூட. இலங்கையில் வாய்ப் புற்றுநோய்க்கான சிகிச்சை இன்று சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து என்பனவே. வட்டவளையில் திட்டைக் கண்டவர் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ போகலாம்; முற்றிய நோய்க்கு மகரகமவின் அபேக்ஷா வைத்தியசாலை. ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறி, வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டப் போவது கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு எளிதல்ல. வலி வந்த பின்தான் பலரும் புறப்படுகிறார்கள்.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் வழி சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. இலங்கையின் ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டே வாய்ப் புற்றுநோயையும் அதன் முன்னறிகுறிகளையும் கண்டுபிடிக்க முடியும் என்று சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்டோர் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். 2005இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. அவர்கள் கையில் இருந்தது வைரசல்ல, ஒரு விளக்கு.