கடை வாசலில் டப்பாவோடு நிற்பவர்களை நம்பலாமா? காசு போடும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் துணி எடுத்துவிட்டு வெளியே வருபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கழுத்தில் ஐடி கார்டு, ஒரு கையில் லேமினேட் செய்த குழந்தை படம், இன்னொரு கையில் பூட்டுப் போட்ட டப்பா. "அண்ணா, ஒரு நிமிஷமுங்..." என்று ஆரம்பித்ததுமே பத்து ரூபாயைப் போட்டுவிட்டு நகர்பவர்கள் உண்டு. போனைக் காதில் வைத்துக்கொண்டு விலகிப் போகிறவர்களும் உண்டு. ஒப்பணக்கார வீதி, ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு, திருப்பூர் குமரன் ரோடு என்று கூட்டம் எங்கேயோ அங்கே இந்த டப்பாவும் இருக்கும்.

கேட்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. 2021-ல் கொங்கு மண்டலத்துக் குழந்தை ஒன்றின் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஊசிக்கு 16 கோடி ரூபாய் தேவைப்பட்டது. முகம் தெரியாத மக்கள் கொடுத்த பணத்தில்தான் அது சாத்தியமானது. அந்த மருந்துக்கான இறக்குமதி வரியையும் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. போலி வசூலில் நிஜமாகவே அடி வாங்குவது இப்படிப்பட்ட குடும்பங்கள்தான். நாலு முறை ஏமாந்தவர் ஐந்தாவது முறை உண்மையான ஆளுக்கும் கொடுக்க மாட்டார்.

ஐடி கார்டு, பதிவு எண் இருந்தால் போதுமா?

போதாது. ஐடி கார்டும் லெட்டர் பேடும் எந்த ஜெராக்ஸ் கடையிலும் அடிக்கலாம். "எங்க டிரஸ்ட் கவர்மென்ட்ல ரிஜிஸ்டர் ஆனதுங்க" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதற்கு அர்த்தம் பலர் நினைப்பது அல்ல. அறக்கட்டளைப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். சங்கம் என்றால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு. இப்படி ஒரு அமைப்பு இருக்கிறது என்பதற்குத்தான் அந்த எண் ஆதாரம். இன்று கிராஸ்கட் ரோட்டில் வசூலான பணம் எங்கே போனது என்று சார்பதிவாளர் பார்க்கப்போவதில்லை.

மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளைக் கவனிக்க 'சாரிட்டி கமிஷனர்' என்றே தனி அதிகாரி உண்டு. தமிழ்நாட்டில் பொதுவான அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒருவர் இல்லை. நிதி ஆயோக்கின் 'என்ஜிஓ தர்பண்' இணையதளத்தில் பெயர் இருந்தால் ஓரளவு விவரம் கிடைக்கும், ஆனால் அதுவும் நற்சான்றிதழ் கிடையாது.

கொஞ்சம் உறுதியான வழி வருமான வரித்துறை வழியாகப் பார்ப்பது. 80ஜி அனுமதி உள்ள அமைப்பு என்றால் ரசீதில் பெயர், முகவரி, பான் எண், 80ஜி பதிவு எண் எல்லாம் இருக்கும். பான் எண்ணில் நான்காவது எழுத்தைப் பாருங்கள். அது 'டி' என்றால் டிரஸ்ட், 'சி' என்றால் கம்பெனி, 'ஏ' என்றால் நபர்கள் சேர்ந்த அமைப்பு. 'பி' என்று இருந்தால் அது தனிநபரின் பான். டிரஸ்ட் பெயரில் ரசீது கொடுத்துவிட்டு அதில் தனிநபர் பான் இருந்தால், பர்ஸை மூடிவிடலாம். விலக்கு பெற்ற அமைப்புகளின் பட்டியலை வருமான வரித்துறை இணையதளத்திலேயே தேடிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது.

வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இது இல்லை.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. டப்பாவுக்குப் பதில் இப்போது கியூஆர் கோடு அட்டை வந்துவிட்டது. ஒரு விதத்தில் இது நல்லது, ஏனென்றால் ஸ்கேன் செய்ததும் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். பணம் பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று யுபிஐ ஆப்களுக்கு 2025 ஜூன் 30 வரை கெடு கொடுத்திருந்தது என்பிசிஐ. அட்டையில் முதியோர் இல்லம், திரையில் ஏதோ ஒரு தனி ஆள் பெயர் என்றால் பின் நம்பரைப் போடாதீர்கள். "அவர் எங்க செக்ரட்டரிங்க" என்ற பதில் வரும். செக்ரட்டரி கணக்குக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

பெயரை எழுத்து எழுத்தாகப் படிப்பதும் அவசியம். 2020-ல் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, அதன் யுபிஐ முகவரியில் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டுவிட்டு போலி முகவரி ஒன்று சுற்றியது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று கேரள முதல்வர் நிவாரண நிதியின் கியூஆர் கோடையே அந்த மாநில அரசு திரும்பப் பெற்றது. அரசு நிதிக்கே இந்த நிலைமை என்றால் ரோட்டோர அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"குழந்தைக்கு ஆபரேஷனுங்க" என்றால்?

மனசு இளகும் இடம் இது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேளுங்கள். நிஜமான பெற்றோர் என்றால் கோபப்படாமல் சொல்வார்கள், பெரும்பாலும் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள். பிறகு ஆஸ்பத்திரி எண்ணை அட்டையிலிருந்து எடுக்காமல் நீங்களாகத் தேடி எடுத்துக் கேளுங்கள். முடிந்தால் நோயாளியின் பெயரில் ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரிலேயே கட்டிவிடலாம்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாச்சா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அரசு ஆஸ்பத்திரி மட்டுமல்ல, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். இலவச எண் 1800 425 3993. எல்லா நோயும் எல்லாச் செலவும் இதில் அடங்கிவிடாது என்பதால், காப்பீடு இருந்தும் பணம் கேட்கிறார்கள் என்றாலே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். விவரம் தெரியாத குடும்பமாக இருந்தால் உங்கள் ஐம்பது ரூபாயைவிட இந்தத் தகவல் பெரிய உதவி.

மாலில் டேப்லெட்டோடு நிற்கும் இளைஞர்கள்

இவர்கள் வேறு ரகம். பெரிய தொண்டு நிறுவனங்களுக்காகப் பேசுகிறார்கள். நிறுவனம் உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் நிற்பவர்களில் பலர் தன்னார்வலர்கள் அல்ல, சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். அது தப்பில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் அவ்வளவுதான். இங்கிலாந்தில் கூலிக்கு நிதி திரட்டும் தொழில்முறை ஆட்கள், தங்களுக்கு எப்படி ஊதியம் தரப்படுகிறது என்பதைக் கொடையாளரிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே உண்டு. இங்கே நாம்தான் கேட்க வேண்டும்.

இவர்கள் கேட்பது பெரும்பாலும் மாதாமாதம் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் அனுமதி. நிற்கிற இடத்தில் கையெழுத்தோ ஓடிபியோ கொடுக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அவர்கள் இணையதளத்திலேயே ஒரு முறை மட்டும் கொடுக்கலாம். மால் நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தாலும் அது நிற்பதற்கான இடத்துக்கு மட்டும்தான்.

மளிகைக் கடை, பேக்கரி கவுன்ட்டரில் இருக்கும் சின்ன உண்டியலுக்கும் இதே கதைதான். கடைக்காரரைக் கேட்டால் "யாரோ வெச்சுட்டுப் போனாங்க" என்பார். சாவி யாரிடம், எப்போது வந்து திறக்கிறார்கள், எண்ணும்போது கடைக்காரர் பக்கத்தில் இருக்கிறாரா என்று அவராவது கேட்டு வைத்திருக்க வேண்டும்.

குழந்தையே கையேந்தினால்?

காசு போடுவதற்குப் பதில் 1098-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையைப் பிச்சை எடுக்கப் பயன்படுத்தினால் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 76-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். டப்பாவில் அறக்கட்டளை பெயர் ஒட்டியிருந்தாலும் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால்?

யுபிஐயில் போன பணம் என்றால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. ரொக்கம் என்றால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் ரசீதையோ அட்டையின் போட்டோவையோ வைத்து அந்தப் பகுதி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி மோசடி வழக்குப் போட இடம் உண்டு. பத்து ரூபாய்க்குப் போய் புகாரா என்று தோன்றலாம். அதே ஆள் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் எத்தனை பேரிடம் பத்து ரூபாய் வாங்கியிருப்பார் என்று போலீஸ் கணக்குப் போட, யாராவது ஒருவர் முதலில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்.